காட்டுக்குள் ஒரு கல்வேலி: பனி ஊர்க் கூரைகளின் கதை



நம் வளாகத்துப் பிள்ளைகளில் அமெரிக்காவில் இருப்பவர்களை எண்ணினால் இரண்டு கை விரல்கள் போதாது. அவர்களில் சிலர் பனி கொட்டும் வடகிழக்கு மாநிலங்களில், மரங்களுக்கு நடுவே தனி வீடு வாங்கியிருக்கிறார்கள். என் மகளும் மருமகனும் நியூ ஹாம்ப்ஷயரில் அப்படித்தான் இருக்கிறார்கள்.

சென்ற அக்டோபரில் நாங்கள் அங்கே இருந்தபோது, கூரையோரக் கட்டரில் இலை விழாமல் தடுக்கும் மூடி விற்பவர் ஒருவர் வீடு தேடி வந்தார். அன்றே கையெழுத்துப் போட்டால் பாதி விலை என்றார். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் கூடத்துச் சுவரில் தண்ணீர் கசிந்து கறை படிந்திருந்தது. மூடி போட்டால் அது நிற்கும் என்றும் சொன்னார். "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கட்டட வேலையிலேயே முப்பது வருஷம் ஓட்டியவன் நான்; ஆனால் பனியைக் கையால் தொட்டதுகூட அங்கேதான். "ஒரு வாரம் பொறுங்க" என்றேன். அந்த வாரத்தில் படித்ததையும் பார்த்ததையும் உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு உதவக்கூடும்.

சுவரைக் காக்க வந்த ஈயக் குழாய்

கட்டர் உங்களுக்குப் புதிதல்ல. ஓட்டு வீடுகளில் கூரை விளிம்பை ஒட்டித் தகரத்தை வளைத்து மாட்டியிருப்பார்களே, அதுதான். இலங்கைத் தமிழர்கள் இதைப் பீலி என்பார்கள்.

ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் கூரைத் தண்ணீரைச் சுவரில் படாமல் தூரத் துப்ப, விலங்கு முகம் கொண்ட கல் தூம்புகளை வைத்தார்கள். பாரிசின் நோத்ர தாமில் அவற்றைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் 1240இல் மூன்றாம் ஹென்றி மன்னர், லண்டன் கோபுரக் கோட்டையின் நடுக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். புது வெள்ளையில் மழைநீர் வழிந்து கெடாதிருக்க, ஈயக் குழாய்களைத் தரைவரை நீட்டும்படியும் ஆணையிட்டார். கட்டரின் வேலை அன்றும் இன்றும் இதுதான்: சுவரையும் அஸ்திவாரத்தையும் காப்பது.

வேலை சிறிதென்று எண்ண வேண்டாம். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,360 லிட்டர் தண்ணீர். அதைச் சுவரடியில் விழ விட்டால் நிலவறைக்குள் இறங்கும். பனி ஊரில் அந்த ஈர மண் உறைந்து விரிந்து சுவரையே நெருக்கும்.

ஆனால் பனி நாட்டு முன்னோர்கள் பலர் வேறு வழியில் போனார்கள். நார்வேயில் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த போர்குண்ட் மரக்கோயிலின் கூரைகள் அடுக்கடுக்காக, மிகச் சரிவாக இருக்கும். ஜப்பானின் ஷிரகவாகோ கிராமத்துக் கூரைகளின் சரிவு ஏறத்தாழ 60 டிகிரி. பனியைத் தேங்க விடாமல் வழுக்கி விழச் செய்வதே அவர்கள் கண்ட தீர்வு.

காடு போனது, திரும்பி வந்தது

மகள் வீட்டுக்குப் பின்னால் அடர்ந்த காடு. ஒரு நாள் காலையில் உள்ளே நடந்துபோனபோது, மரங்களுக்கு நடுவே இடுப்புயரக் கல்வேலி ஒன்று நீளமாக ஓடியது. காட்டுக்குள் யார் வேலி கட்டுவார்கள்?

விடை அந்த ஊரின் வரலாற்றில் இருந்தது. 17ஆம் நூற்றாண்டு முதல் அங்கே குடியேறியவர்கள் காட்டை வெட்டி வயலும் மேய்ச்சல் நிலமும் ஆக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மெரினோ ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை கிடைத்ததால் வெட்டு இன்னும் பெருகியது. நிலத்தில் கிடந்த கற்களைப் பொறுக்கி எல்லையில் அடுக்கினார்கள். 1825இல் ஈரி கால்வாய் திறந்தது. பின்னர் ரயில் வந்தது. மேற்கே கல்லில்லாத வளமான நிலம் கிடைத்ததும் விவசாயிகள் இந்த நிலங்களை விட்டுப் போனார்கள். கைவிட்ட வயல்களில் வெள்ளைப் பைன் முளைத்தது. காடு திரும்பி வந்தது. இன்று நியூ ஹாம்ப்ஷயரில் 80 சதவீதத்துக்கும் மேல் காடுதான். மாசசூசெட்சில் 1907இல் தொடங்கிய ஹார்வர்ட் காட்டின் அருங்காட்சியகத்தில் இந்தக் கதையைச் சிறு மாதிரிக் காட்சிகளாகவே செய்து வைத்திருக்கிறார்கள்.

இதற்கும் கட்டருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அந்தக் காலப் பண்ணை வீடுகளில் பல திறந்த வெளியில் நின்றவை. நீள மரத்தைக் குடைந்து செய்த மரக் கட்டரை அவர்கள் மாட்டினார்கள். உளுக்காமலிருக்க ஆளிவிதை எண்ணெய் பூசினார்கள். தலைக்கு மேல் மரம் இல்லாதபோது இலைத் தொல்லை எவ்வளவு இருந்திருக்கும்? பிறகு காடு வீட்டை நெருங்கியது. மனிதர்களும் காட்டுக்குள் வீடு கட்டப் போனார்கள். 1960களில் அலுமினியச் சுருளை வீட்டு வாசலிலேயே இணைப்பில்லாத கட்டராக உருட்டித் தரும் இயந்திரங்கள் வந்தன. இலையும் கட்டரும் சந்தித்த இடத்தில் மூடிக்குச் சந்தை உண்டானது.

டபராவில் ஒழுகும் காபி

மூடி என்ற யோசனை பழையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றவர்கள் உண்டு. இன்று கடைகளில் கிடைப்பவை ஐந்து வகை.

முதலாவது, பெரிய கண் உள்ள சல்லடை. அகன்ற மேப்பிள் இலையைத் தடுக்கும். வெள்ளைப் பைன் ஊசியோ கண்ணுக்குள் குத்திட்டு நிற்கும்.

இரண்டாவது, கட்டருக்குள் வைக்கும் நுரைப் பஞ்சு. தூசி தங்கி விதை முளைக்கும். நனைந்த பஞ்சு அப்படியே உறையும்.

மூன்றாவது, பாட்டில் கழுவும் பிரஷ் போன்றது. பைன் ஊசி அதில் சிக்கினால் சடையில் ஒட்டிய நாயுருவிதான்.

நான்காவது, வளைந்த மூடி. டம்ளரிலிருந்து டபராவுக்குக் காபியை மெதுவாக ஊற்றினால் டம்ளரின் வெளிப்புறத்திலேயே ஒட்டி வழியும் அல்லவா? அதே போலத் தண்ணீர் வளைவில் ஒட்டி இடுக்குக்குள் போகும். இலை வெளியே விழும். ஆனால் பெருமழையில் தண்ணீர் தாண்டி விழும். குளிரில் அந்த இடுக்கு உறைந்து அடைபடும்.

ஐந்தாவது, துருப்பிடிக்காத எஃகு இழையால் நெய்த நுண்வலை. பைன் ஊசியைத் தடுப்பதில் இதுவே மேல். இதிலும் மகரந்தமும் பிசினும் படியும்; வருஷத்துக்கு ஒரு முறையாவது துடைக்க வேண்டும். எதையும் "ஆயுசுக்கும் பார்க்க வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கறை எங்கிருந்து வந்தது?

அந்த விற்பனையாளர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், விஸ்கான்சினில் 1911இல் கட்டிய தம் டாலியெசின் வீட்டில் கட்டரே வைக்கவில்லை. விளிம்பில் பனிக்கூர்கள் தொங்குவது அழகு என்று நினைத்தார். அழகுதான். ஆனால் தடித்த பனிக்கூர்கள் பெரும்பாலும் வீட்டு வெப்பம் கூரை வழியே கசிவதைக் காட்டுகின்றன.

அறைகளின் சூடு அட்டிக் எனப்படும் கூரைப் பரணுக்கு ஏறி, மேலே கிடக்கும் பனியை அடியிலிருந்து உருக்குகிறது. உருகிய தண்ணீர் சரிந்து வந்து, கீழே சூடில்லாத விளிம்பை அடைந்ததும் மறுபடி உறைகிறது. அங்கே பனிக்கட்டி ஓர் அணைபோல எழும்புகிறது. அதற்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் கூரை ஓடுகளுக்கு அடியில் புகுந்து சுவருக்குள் இறங்குகிறது. பாஸ்டனில் 2014-15 குளிர்காலத்தில் 110.6 அங்குலம், அதாவது ஒன்பது அடிக்கும் மேல் பனி கொட்டியது. அந்த வட்டாரத்தில் ஏராளமான வீடுகள் இப்படித்தான் ஒழுகின. எந்த மூடியும் இதை நிறுத்தாது. பரணின் ஓட்டைகளை அடைத்து, வெப்பத் தடுப்புப் பஞ்சைத் தடிமனாகப் பரப்பி, கூரைக்கடியில் வெளிக்காற்று ஓடும்படி செய்வதுதான் மருந்து.

நானும் மாப்பிள்ளையும் டார்ச் லைட்டுடன் பரணில் ஏறினோம். கறைக்கு நேர் மேலே, குளியலறைக் காற்றாடியின் குழாய் இணைப்பு கழன்று, சூடான காற்று பரணுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது.

என்ன செய்தோம்?

முதல் செலவு பரணுக்கு. இரண்டாவது, பைன் மரங்கள் கவிந்த பின்பக்கத்துக்கு மட்டும் நுண்வலை. வாங்கும்போது நாங்கள் பார்த்தவை இவை. உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்:

- குளிரிலும் வெயிலிலும் நொறுங்கும் பிளாஸ்டிக் வேண்டாம். அலுமினியச் சட்டத்தில் எஃகு வலை நல்லது.
- மூடி கூரையின் சரிவோடு ஒத்துச் சாய்ந்திருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் பனியும் ஊசியும் தங்கும்.
- ஓடுகளைத் தூக்கிச் செருகும் வகை என்றால், கூரை உத்தரவாதம் கெடுமா என்று முதலில் கேட்க வேண்டும்.
- கட்டரைப் பிடிக்கும் கொக்கிகள் வழக்கமாக 24 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும். பனி ஊரில் 12 முதல் 18 அங்குலத்துக்கு ஒன்று வேண்டும்.
- "இன்று மட்டும் பாதி விலை" என்பவரிடம் நாளைக்கு வரச் சொல்லுங்கள்.

மார்ச் முடிவில் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, கறை அப்படியேதான் இருக்கு. பெரிசாகல" என்றாள். எனக்கு அதுவே போதும். கோடையில் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

நமக்குப் பனி இல்லை. ஆனால் மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் வாய்களில் வேப்பிலை மூடிக் கிடப்பதைப் போன வாரம்தான் பார்த்தேன். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட தொட்டிக்குத் தண்ணீர் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துடைப்பத்தோடு மாடிக்கு வர யார் யார் தயார்?