தமிழ்நாட்டில் டெட் பாஸ்.. வேறு மாநிலத்தில் டீச்சர் வேலைக்கு அந்த சர்டிபிகேட் செல்லுமா? முழு விவரம்

ஓசூரில் இருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். தினமும் பஸ்ஸில் போய் வருபவர்களே ஏராளம். ஆனால் ஓசூரில் பி.எட் படித்து, தமிழ்நாடு டெட் தேர்வில் பாஸ் ஆன ஒருவர் கல்யாணம் ஆகி பெங்களூருவுக்குக் குடிபோனால், கையில் இருக்கும் அந்த சர்டிபிகேட் அங்கே என்ன மதிப்பு பெறும்? 'இந்தியா பூரா செல்லும்' என்று ஒருவர் சொல்வார், 'ஒன்றுக்கும் ஆகாது' என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே பாதி உண்மைதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆசிரியருக்கு வேண்டிய தகுதி இரண்டு வகை. ஒன்று படிப்பு, இன்னொன்று டெட். என்சிடிஇ எனப்படும் தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்த பி.எட் அல்லது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவுக்கு மாநில எல்லை பிரச்னை பொதுவாக இல்லை. சான்றிதழ் உண்மைதானா என்று சரிபார்ப்பார்கள், சில இடங்களில் இணைத்தன்மைச் சான்று கேட்பார்கள். அலைச்சல் உண்டு, ஆனால் முடிகிற வேலை.

சிக்கல் டெட்டில்தான் இருக்கிறது.

'மே' என்ற ஒரு வார்த்தை

கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை பாடம் எடுக்க டெட் கட்டாயம் என்று 2010ல் அறிவிக்கப்பட்டது. தேர்வை எப்படி நடத்த வேண்டும் என்ற வழிகாட்டுதலை 2011 பிப்ரவரியில் என்சிடிஇ வெளியிட்டது. ஒரு மாநிலம் நடத்தும் டெட், அந்த மாநிலத்தின் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கானது என்கிறது அது. வேறு மாநில டெட் சான்றிதழ் வைத்திருப்பவரையும் அந்தப் பள்ளிகள் பரிசீலிக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. கவனியுங்கள், பரிசீலிக்க 'லாம்'. ஆங்கிலத்தில் 'மே'. 'வேண்டும்' என்று போடவில்லை. முடிவு அந்தந்த மாநிலத்தின் கையில்.

நடைமுறையில் பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்கென தனி டெட் நடத்துகின்றன. கேரளாவில் கே-டெட், ஆந்திராவில் ஏபி டெட், கர்நாடகாவுக்கும் தனி டெட் உண்டு. தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது. எனவே வேலைக்கான அறிவிக்கையில் எந்த டெட் கேட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அந்த ஒரு வரி உங்களுக்குச் சாதகமாக இல்லையென்றால் அங்குள்ள டெட்டை புதிதாக எழுத வேண்டியதுதான். வேறு வழி கிடையாது.

அப்போ சிடெட்?

மத்திய அரசுக்காக சிபிஎஸ்இ நடத்தும் சிடெட், கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற மத்திய பள்ளிகளுக்கானது. கன்னியாகுமரியில் எழுதினாலும் காஷ்மீரில் உள்ள கேந்திரிய வித்யாலயாவுக்குச் செல்லும். தனியாக டெட் நடத்துவதில்லை என்று ஒரு மாநிலம் முடிவெடுத்தால், அங்கே சிடெட்டை ஏற்க வேண்டும் என்பதும் 2011 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அடிக்கடி ஊர் மாறும் குடும்பத்தில் வாழ்க்கைப்படுபவர்கள் மாநில டெட்டோடு சிடெட்டையும் எழுதி வைப்பது புத்திசாலித்தனம். சிடெட்டில் மொழிப் பாடமாக தமிழை எடுக்கலாம். மற்ற பாடக் கேள்விகள் இந்தி, ஆங்கிலத்தில்தான் வரும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

82 மார்க் எடுத்தவர்கள் கவனத்துக்கு

பலர் யோசிக்காத இடம் இது. டெட் பாஸ் மார்க் 60 சதவீதம், அதாவது 150க்கு 90. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு தமிழ்நாடு அரசு 2014ல் 5 சதவீதம் தளர்வு கொடுத்தது. 82 மார்க்கில் பாஸ் ஆனவர்கள் ஏராளம். ஆனால் எஸ்சி, எஸ்டி சான்றிதழ் வைத்திருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்குள்ள மாநில அரசு வேலைகளில் அந்த இடஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று 2018ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. புது மாநிலத்தில் நீங்கள் பொதுப்பிரிவாகக் கருதப்பட்டால் 90 எடுத்தீர்களா என்ற கேள்வி வரும். இங்கே பாஸ், அங்கே ஃபெயில் என்ற நிலைகூட வரலாம்.

ஏற்கெனவே அரசுப் பள்ளியில் இருப்பவர்கள்?

'கணவர் வேலை செய்யும் ஊர்' என்ற காரணத்தைச் சொல்லி கர்நாடகாவுக்கு டிரான்ஸ்பர் கேட்க முடியுமா? தமிழ்நாடு அரசுப் பள்ளி ஆசிரியர் தமிழ்நாடு அரசின் ஊழியர். அவரது பணியிடமும் சீனியாரிட்டியும் இந்த மாநிலத்தோடு கட்டப்பட்டவை. இன்னொரு மாநிலத்தில் சேர்வதென்றால் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கி, அங்கே புது ஆளாகத் தேர்வு எழுதி, கடைசி வரிசையில் போய் நிற்க வேண்டும். 15 வருட சர்வீஸை விட்டுவிட்டுப் போவது என்பது சாதாரண முடிவு இல்லை. கேந்திரிய வித்யாலயாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அது நாடு முழுக்க ஒரே அமைப்பு.

மொழி இன்னொரு சுவர். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி வேலைக்கு வெளிமாநிலத்தவர் வந்தால், ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வில் கட்டாயத் தமிழ் தாளில் பாஸ் ஆக வேண்டும். இங்கிருந்து போகிறவர்களுக்கும் அந்த ஊர் மொழி தெரியாமல் அரசுப் பள்ளி வாசலைத் தாண்டுவது கஷ்டம்.

இன்னொரு விஷயம். பி.எட் முடித்தவர்கள் 1 முதல் 5ஆம் வகுப்பு ஆசிரியர் பணிக்குத் தகுதி இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த மாநிலம் போனாலும் இது மாறாது.

நல்ல செய்தியும் இருக்கிறது. முன்பு டெட் சான்றிதழுக்கு 7 ஆண்டுதான் ஆயுள். 2021ல் அதை ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றி, 2011 முதல் பாஸ் ஆனவர்களுக்கும் பொருந்தும் என்று அறிவித்தார்கள். 2012, 2013ல் வாங்கிய சர்டிபிகேட்டை காலாவதி என்று நினைத்து பீரோவில் போட்டு வைத்திருந்தால் தேடி எடுங்கள்.

ஊர் மாறும் முன்பு, பல்கலைக்கழகம் மற்றும் கல்லூரி ஆவணங்களை இங்கே இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். தனியார் பள்ளியில் வேலை பார்த்த அனுபவச் சான்றுக்கு கல்வி அலுவலரின் மேலொப்பம் முக்கியம். வெளியூர் போன பிறகு அதற்காக லீவு போட்டு ரயில் ஏறுபவர்கள் நிறைய பேர்.