கிருபாபாய் சத்தியநாதன்: எந்த மொழியின் எழுத்தாளர்?



நம் ஜார்ஜ் டவுன் கடற்கரையோரம் நிற்கும் மணிக்கூண்டு 60 அடி உயரமுடையது. விக்டோரியா அரசியாரின் 60 ஆண்டு ஆட்சிக்கு ஆண்டுக்கோர் அடி. அக்காலப் பெண் நாவலாசிரியர் என்றதும் பிராண்டி உடன்பிறந்தாரும் ஜார்ஜ் எலியட்டுமே நம் நினைவுக்கு வருகின்றனர். அதே ஆட்சியில் சென்னையில் வாழ்ந்து எழுதிய கிருபாபாய் சத்தியநாதன் வருவதில்லை.

1862இல் அகமத்நகரில், கிறித்தவம் தழுவிய மராத்தி அந்தணக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மருத்துவம் கற்க இங்கிலாந்து செல்லும் வாய்ப்பு உடல்நலக் குறைவால் கைநழுவியது. 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்படிப்பையும் நோய் நிறுத்தியது. பின்னர் சாமுவேல் சத்தியநாதனை மணந்தார். உதகையில் இசுலாமியச் சிறுமியர்க்குப் பள்ளி நடத்தினார்.

கைவிட நேர்ந்த கல்வியின் ஏக்கமே ‘சகுணா’ என்னும் தன்வரலாற்று நாவலில் ஒலிக்கிறது. 1887–88இல் அது சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. அடுத்த நாவலான ‘கமலா’வின் தலைவி, சிறுவயதில் மணமாகி, கைம்மை எய்தி, மறுமணத்தை மறுத்து, பிறர்க்குத் தொண்டாற்றும் வாழ்வைத் தேர்கிறாள். 1894இல், 32ஆம் வயதில், கிருபாபாய் மறைந்தார்.

அவரை வரவேற்ற அக்கால ஆங்கிலத் திறனாய்வாளர் பலர், இந்திய இல்லங்களைக் காட்டும் சாளரமாகவே அந்நூல்களைக் கண்டனர். கலைப்படைப்பாக எடைபோட்டவர் சிலரே. பின்னர் நெடுங்காலம் மறதி. 1998இல் இரு நாவல்களும் மறுபதிப்புப் பெற்ற பின்னரே ஆய்வுலகம் அவரிடம் திரும்பியது.

தமிழுலகின் மறதியோ வேறுவகை. 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1896இல் நூலுருப்பெற்ற ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்று தமிழ் நாவலின் தொடக்கத்தைக் கற்பிக்கிறோம். அதே 1896இல் கிருபாபாயின் இரு நாவல்களும் தமிழாக்கம் பெற்றன. ஆங்கிலத்தில் எழுதியதால் தமிழ் வரலாறு அவரை ஒதுக்கியது. இந்தியர் என்பதால் ஆங்கில வரலாறும் ஓரத்தில் நிறுத்தியது.

வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழிகளுமாக வளரும் பினாங்கு மாணவர்க்கு இது அயலார் சிக்கலன்று. எழுத்தாளரின் தாய்மொழியை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், நாளை நம் பிள்ளைகளுள் ஒருவரையும் நாம் இழக்கக்கூடும். ஆதலின், தமிழ் நாவலின் தொடக்கத்தைக் கற்பிக்கும்போது அத்தமிழாக்கங்களையும் சேர்த்துக் கற்பியுங்கள் என்று ஆசிரியர்களை வேண்டுகிறேன்.