நவாபின் ஓவியமும் திண்டுக்கல் கோட்டையும்

திண்டுக்கல் மலைக்கோட்டையில் நின்று கீழே விரிந்த சமவெளியை நோக்கும்போது எனக்கு ஓர் ஓவியம் நினைவிற்கு வரும். 1769-இல் சென்னைக்கு வந்த ஆங்கில ஓவியர் டில்லி கெட்டில், ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியை அணிமணிகள் ஒளிரத் தீட்டினார். காண்போர், கர்நாடக நாடு முழுவதும் அவர் ஆணையில் நின்றது என்றே கருதுவர். உண்மை வேறு. 1755-இல் திண்டுக்கல்லுக்குப் படைத்தலைவராய் வந்து உயர்ந்த ஹைதர் அலியின் வசமே அப்போது இக்கோட்டை இருந்தது. நவாபோ, ஆங்கிலேயரிடம் பெருங்கடன் பட்டு, கும்பினிப் படையையே நம்பியிருந்தார். 1790-இல் அப்படை கோட்டையைக் கைப்பற்றியது; 1792 உடன்படிக்கையால் அது கும்பினிக்கே உரியதாயிற்று. 1801-இல் கர்நாடக ஆட்சியும் அவ்வழியே சென்றது.

அக்காலத்து ஆங்கில உருவப்படங்கள் இன்றும் இலண்டனில் ஏலத்திற்கு வருகின்றன. வாங்குவோர் ஓவியரின் பெயர் கண்டு விலை கூறுவர். வரலாறு பயிலும் நாம், படத்திலுள்ளவர் எதை ஆண்டார், யாருக்குக் கடன்பட்டார் என்று கேட்போமாக.