24 முகங்களில் 5 பெண்கள்

வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு விளையாட ஊகிக்கும் விளையாட்டு ஒன்று வாங்க நினைக்கிறோமா? 'கெஸ் ஹூ'வின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஓரா, தியோ கோஸ்டர் தம்பதியர் உருவாக்கிய இதை 1979இல் மில்டன் பிராட்லி கம்பனி வெளியிட்டது. பலகையில் 24 முகங்கள். "தொப்பி போட்டவரா?", "கண்ணாடி போட்டவரா?" என்று மாறி மாறிக் கேட்டு, பொருந்தாத முகங்களை மடக்கி, மற்றவர் எடுத்த முகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளையும் விளையாடலாம். அதனால்தான் நம் வீடுகளுக்கும் பொருந்துகிறது.

ஆனால் அந்தப் பழைய பதிப்பில் தொப்பி போட்டவர்கள் 5 பேர், கண்ணாடி போட்டவர்கள் 5 பேர், பெண்களும் 5 பேர்தான். பெண் என்பதும் தொப்பி மாதிரி ஓர் அடையாளமாகிவிட்டது! நம் மகளுக்குப் பெண் முகம் வந்தால், "பெண்ணா?" என்ற ஒரே கேள்வியில் 19 முகங்கள் மடிந்துவிடும். பிந்திய பதிப்புகளில்தான் பெண் முகங்கள் கூடின.

ஆகவே வாங்கும்போது விலையோடு முகங்களையும் எண்ணிப் பார்ப்போம். வாங்க வசதியில்லையென்றால் பழைய கலண்டர் மட்டையில் நாமே வரைவோம்: உம்மம்மா, சாச்சா, மீன்காரர், டீச்சர் என்று 12 ஆண்கள், 12 பெண்கள்.