தகரச் சீட்டு

தண்டையார்பேட்டைக் கரையில் நின்று தெற்கே துறைமுகத்தை நோக்குங்கால், அத்துறைமுகம் தோன்றுமுன்னரே, 1860ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் சென்னையில் 'ட்ரூரோ' கப்பலேறி, நவம்பர் 16ஆம் நாள் டர்பன் சேர்ந்த ஒப்பந்தக் கூலிகளின் ஸ்மரணை என் நெஞ்சை வருத்துகிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் முதலாளிகளின் பொருட்டுத் திரட்டப்பெற்று, வைத்திய பரிசோதனையும் குடியேற்றப் பாதுகாவலர் அனுமதியும் முடிந்து, கப்பல் நிறையும் வரையில் அவர்கள் டிப்போவில் காத்திருக்க நேர்ந்தது. அயல்நாட்டு விசாவுக்காக இன்று காத்திருப்போரின் தவிப்புக்கு இது பூர்வ சரித்திரமன்றோ?

இலங்கைக்கோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துரிதமார்க்கம் ஒன்று ஏற்பட்டது: தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரச் சீட்டை ஆள் திரட்டும் கங்காணியிடம் பெற்றவன், கையில் காசில்லாவிடினும், வழிநெடுக உணவும் பிரயாணமும் பெற்று அத்தோட்டத்திற்கே அனுப்பப்பட்டான், செலவு தோட்டத் துரையின் கணக்கில் ஏறியது. விரைவு கிட்டியது, வேறு தோட்டத்தைத் தேரும் சுதந்திரம் அச்சீட்டில் இல்லை.