சம்பள நாளும் ‘டேட் செக்’ திகதியும்: அப்புத்தளைக் கடைகளும் வங்கி மேலதிகப்பற்றும்

அப்புத்தளை நகரத்துக் கடைகளில் கல்லாப்பெட்டி நிறைவது மாதத்தின் 10 ஆம் திகதிக்குப் பிறகுதான். சுற்றியுள்ள தோட்டங்களில் சம்பளம் பெரும்பாலும் அந்தத் திகதியை ஒட்டியே போடப்படுகிறது. அதற்கு முந்திய நாட்களில் அரிசி, மா, பருப்பு எல்லாம் கொப்பியில் கடனாகப் போகும். ஆனால் சரக்குத் தந்த மொத்த வியாபாரி தோட்டத்துச் சம்பள நாளைப் பார்ப்பதில்லை. அவர் கையில் இருப்பது ‘டேட் செக்’. அதில் 5 ஆம் திகதி என்று எழுதியிருந்தால் அன்றே அது வங்கிக்குப் போய்விடும்.

இந்த ஐந்து நாள் இடைவெளியில்தான் கடைக்காரர்கள் ‘ஓடி’ என்று சொல்லும் மேலதிகப்பற்று வருகிறது. நான் பேசிய வியாபாரிகளில் பலருக்குக் கணக்கில் பணம் வெட்டப்பட்டது தெரிகிறது. எதற்காக, எத்தனை நாளுக்கு என்பது தெரிவதில்லை.

எந்தக் கணக்கில் வரும்?

சாதாரண சேமிப்புக் கணக்கில் இருப்பதை மட்டுமே எடுக்கலாம். காசோலைப் புத்தகம் தரப்படும் நடைமுறைக் கணக்கில்தான் மேலதிகப்பற்று உண்டு. அது இரண்டு வகை. முன்கூட்டியே விண்ணப்பித்து, எல்லை குறித்துப் பெறுவது ஒன்று. எல்லை இல்லாமலோ எல்லையைத் தாண்டியோ வரும் காசோலைக்கு முகாமையாளர் அந்த நேரத்துக்கு மட்டும் இடங்கொடுப்பது மற்றது. இரண்டாவது உங்கள் உரிமையல்ல. சென்ற மாதம் பாஸ் செய்தவர் இந்த மாதமும் செய்வார் என்று நம்பியிருக்க முடியாது.

செலவு எவ்வளவு?

வட்டி நாள் கணக்கில் ஓடும். ஆண்டுக்கு 20 வீதம் என்று வைத்துக்கொள்வோம். 50,000 ரூபா 10 நாள் குறைவாக இருந்தால் வட்டி சுமார் 274 ரூபா. இது பெரிய தொகையல்ல. கையைக் கடிப்பது எல்லை மீறியதற்கான மேலதிக வட்டியும், காசோலை திரும்பினால் வெட்டப்படும் கட்டணமும்தான். இவை வங்கிக்கு வங்கி மாறும்.

2020 ஓகஸ்டில் மத்திய வங்கி மேலதிகப்பற்றுக்கு 16 வீதம் என உச்ச வட்டி விதித்தது. 2023 ஓகஸ்டில் அது 23 வீதமாக இருந்தது. இரண்டு தடவையும் அந்த உச்சம், முன்கூட்டியே ஒழுங்குசெய்த தற்காலிக மேலதிகப்பற்றுக்கே விதிக்கப்பட்டது. எழுத்தில் கேட்டு வாங்கியவருக்குக் கிடைத்த பாதுகாப்பு அது.

காசோலை திரும்பினால்

பணமில்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவது, 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி குற்றம். தண்டப்பணமும் சிறையும் அதில் உண்டு. திரும்பிய காசோலை ‘கிரிப்’ எனப்படும் கடன் தகவல் பணியகத்தின் பதிவிலும் ஏறும். பின்னர் லீசிங்குக்கோ வீட்டுக் கடனுக்கோ போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

இதனால்தான் கடனுக்குப் பிணையாகத் தொகை எழுதாமல் கையொப்பமிட்ட காசோலையைக் கொடுப்பது ஆபத்து. தொகையையும் திகதியையும் மற்றவர் நிரப்பிவிடலாம். வழக்கு வருவதோ கையொப்பமிட்டவர் மேல். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களுக்கும், போருக்குப் பின் அங்கே கடனெடுத்துக் கடை போட்டவர்களுக்கும் இது பொருந்தும். இங்கே சம்பள நாள் என்றால் அங்கே நெல் அறுவடை.

செய்யக்கூடியவை

முதலாவது, காசோலைத் திகதியைச் சம்பள நாளுக்குப் பின்னால் தள்ளுங்கள். 5 ஐ விட 15 நல்லது. மொத்த வியாபாரியோடு இதைச் சரக்கு இறக்கும்போதே பேச வேண்டும்.

இரண்டாவது, கடையில் ஒரு நாட்காட்டியில் கொடுத்த காசோலைகளைத் தொகையோடு குறியுங்கள். கணக்கு மீதியை மட்டும் பார்த்தால் இன்னும் வங்கிக்கு வராத காசோலைகள் மறந்துபோகும்.

மூன்றாவது, வங்கியில் போட்ட காசோலையைக் காசாக எண்ண வேண்டாம். அது பொதுவாக அடுத்த வேலைநாளில்தான் பணமாகும். வெள்ளி போட்டது திங்கள். திங்கள் போயா என்றால் செவ்வாய். ஞாயிற்றுச் சந்தை வருமானத்தையும் பணம் வைப்பிடும் இயந்திரம் இல்லாத இடத்தில் திங்கள்தான் போட முடியும்.

நான்காவது, மாதம் குறையப்போவது தெரிந்தால் காசோலைத் திகதிக்கு முன்பே வங்கிக்குப் போய் எழுத்தில் எல்லை கேளுங்கள். முடியாவிட்டால் காசோலை வைத்திருப்பவரிடம் சொல்லித் திகதியை மாற்றிப் புதிய காசோலை கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்குங்கள்.

ஐந்தாவது, மாதாந்த வங்கிக் கூற்றை வாங்கி, விளங்காத ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் கேளுங்கள். தமிழில் விளக்கம் கேட்கத் தயங்க வேண்டாம். வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். முதலில் வங்கிக்குக் கடிதம் கொடுத்து, அதன் பிரதியை வைத்திருங்கள்.

தோட்டத்து நாள் சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. காசோலை திரும்பியதற்காக ஒரு கடைக்காரர் இழப்பதைத் தோட்டத்து நாள் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். அந்தக் கட்டணம் கடைசியில் கொப்பியில் எழுதும் அரிசி விலையில்தான் ஏறுகிறது.