ஐம்பது காசின் கதை: ஸ்ரீனிவாச சாஸ்திரியின் அறிக்கையும் வடசிலாங்கூர்த் தோட்டங்களும்

கோல சிலாங்கூர் வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களில் அந்நாளில் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு கூடும். தோட்ட எழுத்தரான கிராணியின் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் அன்றைய கூலி. அந்தக் கூலியின் அளவு வரிசையில் நிற்பவர்களைக் கேட்டு முடிவானதல்ல. 1936 இறுதியில் இந்திய அரசு அந்தக் கணக்கைப் பார்த்துவர வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியை மலாயாவுக்கு அனுப்பியது. அவர் அறிக்கை கூலியை உயர்த்தியது. உயர்ந்த கூலியைத் தாங்கிப் பிடிக்க அதனால் முடியவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆசிரியர், நிர்வாகி, மிதவாதி

வலங்கைமானில் 1869-இல் பிறந்த சாஸ்திரி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். 1907-இல் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, அதன் நிறுவனர் கோகலே மறைந்த 1915-இல் அதன் தலைவரானார். 1927-இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டு. விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையத்திலும் உறுப்பினர். மலாயாவுக்கு வந்தபோது அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். மோதலைவிடப் பேச்சை நம்பிய மிதவாதி.

சரிந்த கூலி

வடசிலாங்கூரில் தமிழரின் தடம் ஊர்ப்பெயரிலேயே உண்டு. பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தோட்டத்தின் பெயர் தென்னமரம். 1917-இல் மலாயாவின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டம் அங்கேதான் எழுந்தது. அதை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்ரி ஃபொக்கோனியே மலாயாத் தோட்ட வாழ்வை நாவலாக்கி 1930-இல் கோன்கூர் பரிசு பெற்றார். அதே ஆண்டில் ரப்பர் விலை வீழ்ச்சியைக் காட்டி இங்கே கூலியைக் குறைத்தார்கள். 1928-இல் நிர்ணயித்த ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது 40, 32 என்றானது. பிறகு இன்னும் இறங்கியது. பொருளாதார மந்தக் காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கப்பலேறித் திரும்பினார்கள்.

அறிக்கையும் ஏமாற்றமும்

1937-இல் வெளிவந்த அறிக்கையில் சாஸ்திரி 50-40 காசை மீண்டும் தரச் சொன்னார். அந்த ஆண்டே அது நடந்தது. பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவு என்ற வழக்கம் மட்டும் அப்படியே நின்றது. பயணச்செலவு கொடுத்துத் தொழிலாளரை அழைத்துவரும் உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்தக் காரணமில்லை என்றும் எழுதினார். முந்தைய ஆண்டு தொடங்கிய மலாயா மத்திய இந்தியர் சங்கத்தார் இதில் ஏமாற்றமடைந்தார்கள். அதற்கான காரணம் விரைவில் தெரிந்தது. 1938-இல் ரப்பர் விலை மறுபடி இறங்க, கூலியில் ஐந்து காசு பிடித்தார்கள். இந்திய அரசு ஜூனில் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்தது. சாஸ்திரி வேண்டாம் என்ற தடை, அவர் கேட்டு வாங்கிய கூலி நிலைக்காததால் வந்தது.

லயத்திலிருந்து எழுந்த குரல்

தடைக்குப்பின் லயங்கள் என்ற தோட்டக் குடியிருப்புகளில் இருந்தவர்களுக்கு மலாயாவே ஊர் ஆயிற்று. 1941-இல் கிள்ளானில் வெடித்த வேலைநிறுத்தம் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவியது. சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி கொடு என்றார்கள். தோட்டத் துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டார்கள். மே மாதம் அவசரநிலை பிறந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் போயிற்று.

சாஸ்திரியின் அறிக்கையில் தொழிலாளி விசாரிக்கப்பட்டவர். 1941-இன் கோரிக்கைப் பட்டியலில் தொழிலாளியே எழுதியவர். நான்கே ஆண்டுகளில் ஐம்பது காசுக்கு மேல் சைக்கிளும் சேர்ந்துகொண்டது.